தன் குரலில் கவிதை எழுதப் பழகுவது எப்படி

குறுந்தொகைப் புலவர்கள் சிலரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆட்கள் வெளியேறிவிட்ட வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுவதைப் பாடியவர் அணிலாடு முன்றிலார் என்றும், ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்கத் துடிக்கும் ஒற்றை ஏர்க்காரனைப் பாடியவர் ஓரேருழவனார் என்றும், செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் என்றும் அறியப்படுகிறார்கள். நற்றிணையில், இரண்டு யானைகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கும் தேய்ந்துபோன கயிற்றைப் பாடியவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்களுடைய ஊரும் குடியும் தொழிலும் நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் கண்ட ஒரு காட்சி வந்து சேர்ந்திருக்கிறது, அதுவே அவர்களுக்குப் பெயராகவும் ஆகியிருக்கிறது.

கவிதை எழுதத் தொடங்குகிற பலர் தங்களுக்கெனத் தனிக்குரல் வேண்டும் என்று விரும்பி, அதை அகராதியில் கிடக்கும் அருஞ்சொற்களிலும், எதிர்பாராத இடத்தில் முறித்த வரிகளிலும், பிடிகொடுக்காத சொற்சேர்க்கைகளிலும் தேடுகிறார்கள். மேலே சொன்ன புலவர்களுக்கு யாப்பு பொதுவானது. அனைவரும் ஆசிரியப்பாவில்தான் பாடினார்கள். திணையும் துறையும் பொதுவானவை. பிரிவும் காத்திருப்பும் எல்லோரும் பாடியவையே. அந்தப் பொதுவான எல்லைக்குள் நின்றுகொண்டே, மற்றவர் கண்ணில் படாத ஒன்றை நின்று கவனித்ததுதான் அவர்களைத் தனியே அடையாளம் காட்டியது. ஆகவே குரலைத் தேடும் வேலை கண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது: முதலில் படிப்பு, பிறகு பார்வை, அதன் பின்னர்தான் யாப்பும் வரியமைப்பும்.

ஒரு பாடலோடு ஒரு வாரம்

நிறையப் படியுங்கள் என்ற அறிவுரை எல்லோரும் சொல்வது. தொடக்கத்தில் உதவுவது குறைவாகப் படித்து, படித்ததோடு நெடுநேரம் இருப்பதுதான். ஒரு வாரத்துக்கு ஒரு கவிதை போதும். குறுந்தொகையின் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்குவதால் இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றவை. உரையோடு கூடிய பதிப்பு ஒன்றை வைத்துக்கொண்டால் அருஞ்சொற்கள் தடையாக இருக்காது.

எடுத்துக்காட்டாக 41ஆம் பாடலைப் பாருங்கள். தலைவன் பிரிந்து சென்றிருக்கிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். காதலர் அருகில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊரைப் போல மகிழ்ந்திருப்பேன் என்று தொடங்கியவள், அவர் அகன்ற நாளைப் பற்றி இப்படிச் சொல்கிறாள்:

அத்தம் நண்ணிய அங்குடிச் சீறூர்
மக்கள் போகிய அணிலாடு முன்றில்
புலம்பில் போலப் புல்லென்று
அலப்பென் தோழி

பாலை வழியை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், மனிதர்கள் போய்விட்ட, முற்றத்தில் அணில் ஆடுகிற தனித்த வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துகிறேன் என்பது பொருள். இங்கே தனிமைக்குச் சான்றாக நிற்பது அணில். ஆள் நடமாட்டம் உள்ள முற்றத்தில் அது அவ்வளவு தைரியமாக இறங்கி ஆடாது. அது ஆடுகிறது என்றால் மனிதர்கள் போய்ச் சில நாட்களாவது ஆகியிருக்க வேண்டும். அணில் துள்ளி விளையாடுவது பொதுவாக மகிழ்ச்சியைத் தரும் காட்சி; அதையே துயரத்துக்குச் சான்றாக நிறுத்தியிருப்பது பாடலின் இன்னொரு வலிமை. அந்தச் சிற்றூர் பாலை வழியை ஒட்டியிருப்பதையும் விட்டுவிடக் கூடாது. தலைவன் போனதும் அப்படிப்பட்ட வழியில்தான். மக்களைத் துரத்திய அதே வறண்ட நிலம்தான் அவனையும் அவளிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது என்பதை ஓர் அடைமொழியில் வைத்துவிட்டு, புலவர் அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. முதலில் வந்த திருவிழா ஊரும் பின்னால் வந்த ஆளில்லாத வீடும் எதிரெதிராக நிற்கின்றன: ஓரிடத்தில் ஊர் முழுவதும் கூட்டம், மற்றோரிடத்தில் ஒரே ஒரு வீடு, அதிலும் ஆளில்லை.

இப்படி ஒரு பாடலை முதல் நாள் வாய்விட்டுப் படியுங்கள். அடுத்த நாள் கையால் எழுதிப் பாருங்கள். தட்டச்சு செய்வதைவிடக் கையெழுத்து மெதுவானது என்பதால் ஒவ்வொரு சொல்லின் முன்னும் கணநேரம் நிற்க நேரும். மூன்றாம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். நினைவு தவறிய இடத்தில் உங்கள் கை தானாக ஒரு சொல்லை இட்டு நிரப்பியிருக்கும். அந்தச் சொல்லையும் மூலச் சொல்லையும் பக்கத்தில் வைத்து, மூலச் சொல் ஏன் அங்கே பொருந்தியது, உங்கள் சொல் ஏன் பொருந்தவில்லை என்று பாருங்கள். கவிதை இலக்கணம் பற்றிய நூல்களில் நான் கற்றவற்றுக்குக் குறையாத அளவு இந்த ஒப்பீட்டில் கற்றிருக்கிறேன்.

சங்கப் பாடல்களோடு நின்றுவிட வேண்டாம். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் ந. பிச்சமூர்த்தி, பிரமிள், சி. மணி, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி ஆகியோர் எழுதிய கவிதைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே இதழில், ஏறத்தாழ ஒரே காலத்தில், யாப்பைக் கைவிட்டு எழுதிய நால்வரும் ஒருவரைப் போல ஒருவர் ஒலிக்கவில்லை என்பது தெளிவாகக் காதில் விழும். அந்த இதழில் வந்த கவிதைகளிலிருந்து செல்லப்பா 1962இல் தொகுத்து வெளியிட்ட நூலுக்குப் 'புதுக்குரல்கள்' என்று பெயர் வைத்ததும் பொருத்தமானதே.

பின்பற்றி எழுதுதல்

யாரையும் பின்பற்றாமல் எழுத வேண்டும் என்ற அச்சம் புதிதாக எழுதுவோரைப் பெரிதும் முடக்கிவிடுகிறது. அந்த அச்சத்துக்கு இடமே இல்லை. சுப்பிரமணிய பாரதி தொடக்கக் காலத்தில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் பெயரால் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கனகசுப்புரத்தினம் பாரதியின் மீதிருந்த பற்றினால் பாரதிதாசன் ஆனார். இராசகோபாலன் அந்தப் பாரதிதாசனின் இயற்பெயரைக் கொண்டு சுப்புரத்தினதாசன் என்று வைத்துக்கொண்டு, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கொருவர் தாசனென்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட இந்தக் கவிஞர்களில் எவருடைய கவிதையையும் பெயரை மறைத்துக் கொடுத்தாலும், பழகிய வாசகர் ஓரிரு வரிகளுக்குள் இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்.

எனவே உங்களுக்குப் பிடித்த கவிஞர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவரைப் போல ஐந்து கவிதைகளை மனமறிந்து எழுதுங்கள். அவருடைய வாக்கியங்கள் எவ்வளவு நீளம், வினைச்சொல்லை எங்கே வைக்கிறார், உவமைக்குப் பொருள்களை வயலிலிருந்து எடுக்கிறாரா வீட்டிலிருந்தா கோயிலிலிருந்தா, கவிதையைக் கேள்வியில் முடிக்கிறாரா காட்சியிலா என்பவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு அப்படியே செய்து பாருங்கள். அதன் பிறகு, அவருக்கு நேர்மாறான மற்றொருவரைத் தேர்ந்து அதையே செய்யுங்கள். ஒரே ஒருவரை மட்டும் பின்பற்றினால் அவருடைய நிழலுக்குள் தங்கிவிடும் ஆபத்து உண்டு. ஒன்றுக்கொன்று பொருந்தாத இருவரைப் பின்பற்றும்போதோ, இருவரிடமிருந்தும் எதைக் கொள்வது எதை விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்கள் மேல் வந்துவிடும். இந்தப் பயிற்சிக் கவிதைகளை எங்கும் வெளியிட வேண்டாம்.

குறிப்பேடும் முதல் வரைவும்

பார்வையைப் பழக்குவதற்குத் தொல்காப்பியப் பொருளதிகாரம் தரும் பகுப்பைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியவை. உரிப்பொருள் என்பது அவற்றின் நடுவே மனிதர்களுக்கு நிகழும் உணர்வு. இதை ஐந்திணைக்கான தேர்வுக் குறிப்பாக மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். உண்மையில் இது எழுதுகிறவருக்கான நடைமுறை ஒழுங்கு: எங்கே, எப்போது என்று முதலில் நிச்சயப்படுத்திக்கொள், அங்கே என்னென்ன இருக்கின்றன என்று பார், உணர்வு அவற்றிலிருந்து எழட்டும்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மழையைப் பற்றி எழுதச் சொன்னால் இப்படி ஒன்று வரும்:

வானத்தின் கண்ணீரே மழையே
உன் ஒவ்வொரு துளியும் ஒரு முத்து
உழவனின் நெஞ்சில் நீ
வசந்தத்தை வரைகிறாய்

இதில் எழுதியவர் கண்ட மழை எங்கும் இல்லை. கண்ணீரும் முத்தும் பிறர் பல்லாயிரம் முறை பயன்படுத்தியவை. வசந்தம் என்பது இளவேனில். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் உழவர் எதிர்பார்க்கும் மழை வடகிழக்குப் பருவமழை, அது ஐப்பசி, கார்த்திகையில் வருவது. நிலமும் பொழுதும் இல்லாமல் உணர்வை மட்டும் முதலில் எழுதியதால் நேர்ந்த குறை இது.

ஆகவே ஒரு சிறிய குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கவிதை எழுதக் கூடாது. உவமையும் கூடாது, 'அழகான', 'சோகமான' போன்ற சொற்களும் கூடாது. கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். மழையைப் பற்றிய குறிப்பு இவ்வாறு இருக்கலாம்: 'ஐப்பசி. மாலை நான்கரை. தெருமுனை வேப்பமரத்தடி, இஸ்திரி வண்டி. சடசடவென்று மழை. நீலத் தார்ப்பாய், ஒரு மூலையில் கிழிந்து முடிச்சுப் போட்டிருக்கிறது. மடித்த துணிகளின் மேல் அதை இழுத்துவிட்டார். கரிப்பெட்டியை வண்டிக்கு அடியில் செங்கல் மேல் வைத்தார். நீர் பட்டுச் சுர்ரென்றது. அவர் வெளியே நின்றார்.'

இந்தக் குறிப்பிலிருந்து எழும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

ஐப்பசி மழை திடீரெனப் பிடித்துக்கொள்ள
மடித்த துணிகளின்மேல் நீலத் தார்ப்பாயை
அவசரமாக இழுத்து மூடினார்
கரி கனலும் பெட்டியை
வண்டிக்கடியில் செங்கல்மேல் வைத்தார்
தார்ப்பாய்க்குள் இன்னும்
ஒரு சட்டைக்குத்தான் இடமிருந்தது
ஊரார் துணி காத்தவர்
உடல் காக்க யாருமில்லை
தொப்பலாக நனைந்து நின்றார் பாவம்

கண்ணீர் முத்துக் கவிதையைவிட இது எவ்வளவோ மேல். இதில் ஒரு தெரு இருக்கிறது, ஒரு மனிதர் இருக்கிறார். ஆயினும் கடைசி மூன்று வரிகளில், கண் செய்த வேலையை வாய் வந்து கெடுத்துவிடுகிறது. ஊரார் துணி, தன் உடல் என்ற எதிர்நிலை மேடைப் பேச்சிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டது. 'பாவம்' என்ற சொல் வாசகர் என்ன உணர வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

இந்த இடத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலிடம் போவது நல்லது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்த இயல், ஒவ்வொன்றும் எந்த நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்றும் வகுக்கிறது. அழுகை என்றால் இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கில் எது? பிறர் இகழ்ந்ததால் வந்த அழுகையா, இழந்ததாலா, முன்பிருந்த நிலை தாழ்ந்ததாலா, இல்லாமையாலா? வெறுமனே 'சோகம்' என்று எண்ணிக்கொண்டு எழுதுகிற வரை கவிதை மங்கலாகவே இருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் கண் கூர்மை பெறும். இஸ்திரி வண்டிக்காரரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அவர் அழவில்லை, யாரையும் நோகவில்லை. தன்னை நம்பிக் கொடுத்த துணிகள் நனையாமல், கரி அணையாமல், ஒரு வரிசைப்படி செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு நிற்கிறார். அந்தக் காட்சியில் அழுகையைவிடப் பெருமிதம்தான் மிகுதி. அப்படியானால் 'பாவம்' என்பது மிகைச்சொல் மட்டுமன்று, அந்த மனிதரைப் பற்றிய பிழையான கூற்றும் ஆகும். திருத்திய வடிவம் இது:

மழை பிடித்துக்கொண்டது.
மடித்த துணிகளின்மேல்
தார்ப்பாயை இழுத்து மூடினார்.
கரி கனலும் பெட்டியை
வண்டிக்கடியில்
செங்கல்மேல் வைத்தார்.
தார்ப்பாய்க்குள் இன்னும்
ஒரு சட்டைக்குத்தான் இடம்.

'திடீரென', 'அவசரமாக' இரண்டும் போய்விட்டன. மழை பிடித்துக்கொண்டது என்றாலே திடீரென்றுதான். நீல நிறம் போய்விட்டது, ஏனென்றால் அது இந்தக் கவிதையில் எந்த வேலையும் செய்யவில்லை. செங்கல் நிற்கிறது, நீர் ஓடும் தரையில் நெருப்பைக் காக்கத் தெரிந்த கை அதில் தெரிகிறது. அவர் நனைந்ததை எங்கும் சொல்லவில்லை, அதை வாசகரே கண்டுகொள்வார். சங்கச் செய்யுளில் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் வகுத்து வளர்த்த பண்பு, சொல்லாமல் விட்டதை வாசகரிடம் ஒப்படைப்பதில் உள்ள நம்பிக்கைதான்.

யாப்பு கற்க வேண்டுமா

கற்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் யாப்பில் எழுதப் போவதில்லை என்று முடிவு செய்தவரும் கற்க வேண்டும். அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகத் தமிழில் செய்யுள் கற்போருக்கு முதல் நூலாக இருந்து வருகிறது. அதன் அடிப்படைகளைப் புரிந்துகொள்ள ஓரிரு மாதங்கள் போதும். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்ற ஆறு உறுப்புகளில், அசை பிரிக்கும் பழக்கம் வந்துவிட்டாலே காது வேறாகிவிடும்.

தனிக்குறில், தனிநெடில், அவை மெய்யெழுத்தோடு சேர்ந்தவை ஆகியன நேரசை. இரு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, அவை மெய்யோடு சேர்ந்தோ வருவன நிரையசை. அசை பிரிக்கும்போது மெய்யெழுத்தைத் தனியே எண்ணுவதில்லை. நேர் நேர் என்றால் தேமா, நிரை நேர் என்றால் புளிமா, நிரை நிரை என்றால் கருவிளம், நேர் நிரை என்றால் கூவிளம். இவற்றின் இறுதியில் ஒரு நேரசை கூடினால் காய்ச்சீர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரும் வர வேண்டும். முதலடியில் நான்கு சீரும் இரண்டாம் அடியில் மூன்று சீரும் வைத்து, நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளுள் ஒன்றில் முடித்தால் குறள் வெண்பா. முன்பு கண்ட காட்சியையே இதற்குள் கொண்டுவந்து பார்க்கலாம்:

மடித்த துணிமேலே பாயிழுத்து மூடி
அடித்த மழையில் அவர்

மடித்-த என்பது நிரை நேர், புளிமா. அடுத்து நிரையில் தொடங்க வேண்டும். துணி-மே-லே என்பது நிரை நேர் நேர், புளிமாங்காய். காய்க்குப் பின் நேர். பா-யிழுத்-து என்பது கூவிளங்காய். மறுபடியும் நேர், மூ-டி என்பது தேமா. மாவுக்குப் பின் நிரை; அடித்-த என்பது புளிமா, மழை-யில் என்பதும் புளிமா, அவர் என்பது ஒற்றை நிரையசையாக நின்று மலர் என்னும் வாய்பாட்டில் முடிகிறது. மடித்த, அடித்த என்பது அடியெதுகை. அடித்த, அவர் என்பது மோனை.

எழுதி முடித்த பின் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீர்களை இணைக்கும் தளை கெடாமல் இருக்கத் தார்ப்பாய் வெறும் பாயாகச் சுருங்கிவிட்டது. கரியும் செங்கல்லும் சட்டையளவு இடமும் போய்விட்டன; அவை எளிய இழப்பல்ல. ஆனால் யாப்பின் நெருக்கடி புதிதாக ஒன்றைத் தந்திருக்கிறது: வாக்கியம் வினைமுற்று இல்லாமல் 'அவர்' என்ற சொல்லில் முடிந்து, மழைக்கு நடுவே அந்த மனிதரை அப்படியே நிற்க வைத்துவிட்டது. நானாக யோசித்திருந்தால் அந்த முடிவு எனக்குக் கிடைத்திருக்காது. மலர் வாய்பாட்டுக்குச் சொல் தேடிய போதுதான் கிடைத்தது. யாப்பு கற்பதன் பெரும்பயன் இதுதான். நமக்கு எளிதில் வருகிற வாக்கியத்தை அது தடுத்து, இன்னொரு வாக்கியத்தைத் தேட வைக்கிறது. பழைய ஆசிரியர்கள் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாவை நிறைவு செய்யச் சொன்னதும் இதே காரணத்தால்தான். நண்பர்கள் இருவர் ஒருவருக்கொருவர் ஈற்றடி கொடுத்து இன்றும் பழகலாம்.

யாப்பு பழகும்போது ஓர் எச்சரிக்கை தேவை. எதுகைக்காகப் பொருந்தாச் சொல்லைக் கொண்டுவந்து நுழைப்பதும், சீர் நிரப்புவதற்காக 'தான்', 'மே', 'அந்தோ' போன்றவற்றைத் தூவுவதும் ஒருமுறை பழகிவிட்டால் விடுவது கடினம். சீர் நிரம்பவில்லை என்றால் பொருளில் இன்னும் கவனிக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று கொண்டு, குறிப்பேட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

வரியும் பேச்சும்

யாப்பை விட்டு எழுதும்போது வரி எங்கே முடிய வேண்டும் என்பதற்கு விதி இல்லை, ஆனால் காரணம் இருக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வருவதால், வினைக்கு முன்னால் வரியை முறித்தால் வாசகர் காத்திருப்பார்; வினையோடு சேர்த்து முடித்தால் நிம்மதியாக மூச்சு விடுவார். மேலே உள்ள கவிதையில் 'வண்டிக்கடியில்' என்பது தனி வரியாக நிற்பதற்கு, அவர் குனிய எடுத்துக்கொள்ளும் நேரம் அங்கே வேண்டும் என்பதே காரணம். வரிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து உரைநடையாக எழுதிப் பார்த்து, எதுவும் இழக்கவில்லை என்றால், அதை உரைநடையாகவே விட்டுவிடுவது நேர்மையானது. பாரதியே காற்றையும் ஞாயிற்றையும் பற்றி வசனத்தில் எழுதித் தமிழில் வசன கவிதைக்கு வழி திறந்தார்.

பேச்சு மொழியையும் யாப்பையும் எதிரெதிராக நிறுத்துவோர் ஈழத்துக் கவிஞர் மஹாகவியைப் படிக்க வேண்டும். 1971இல் மறைந்த அவர், மரபான யாப்பில் எழுதிய கவிதைகளை அச்சில் பேச்சோசைக்கு ஏற்ப வரி பிரித்து அமைத்தார். கண்ணுக்குப் புதுக்கவிதை போலத் தோன்றும், காதுக்கு வெண்பாவோ அகவலோ கேட்கும். ஞானக்கூத்தனின் தொடக்கக் காலக் கவிதைகள் பலவற்றிலும், நகரத்து அன்றாடச் செய்திகள் மரபான ஓசையில் வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம்.

உங்கள் வீட்டில் பேசும் சொற்களைக் கவிதைக்குள் கொண்டுவரத் தயங்காதீர்கள். அதே வேளையில், ஊர் மணம் வீச வேண்டும் என்பதற்காகப் பாட்டியின் சொற்களைப் பொறுக்கி அடுக்குவதும் அகராதிச் சொற்களை அடுக்குவதற்கு ஒப்பான செயற்கையே. ஒரு சொல் உங்கள் வாயில் இன்று புழங்குகிறதா, அல்லது கவிதையில் வரும் மனிதரின் வாயில் புழங்குகிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

எழுதியதைத் திருத்துதலும் தொகுத்துப் பார்த்தலும்

எழுதி முடித்த கவிதையைத் தேதியிட்டு ஒரு மாதமாவது எடுத்து வைத்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது முதலில் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓசைப்பிழையோ மிகைச்சொல்லோ இருக்கும். அடுத்து, கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். கவிதை அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். முதல் வரிக்கும் இதே சோதனையைச் செய்யலாம், ஏனெனில் பல கவிதைகளில் முதல் இரண்டு வரிகள் எழுதுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டவையாகவே இருக்கும்.

பிறரிடம் காட்டும்போது 'எப்படி இருக்கிறது' என்று கேட்பதால் பயனில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். 'என்ன கண்டீர்கள்' என்று கேளுங்கள். அவர்கள் இஸ்திரி வண்டிக்காரர் நனைந்துகொண்டு நிற்பதைக் கண்டேன் என்றால், நீங்கள் எழுதாத வரி போய்ச் சேர்ந்துவிட்டது. எந்தக் காட்சியையும் சொல்லாமல் கருத்தை மட்டும் பாராட்டினால், அவர்கள் கவிதைக்குள் நுழையவே இல்லை என்று கொள்ள வேண்டும். கேட்பதற்கு ஒருவரோ இருவரோ போதும். கவிதை எழுதாத, ஆனால் கவனமாகப் படிக்கிற ஒருவர் அவர்களில் இருப்பது நல்லது.

இருபது கவிதைகள் சேர்ந்த பிறகு அவற்றை ஒரே அமர்வில், வரிசையாகப் படியுங்கள். கையில் இரண்டு நிறப் பென்சில்கள் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் வாக்கிய வடிவங்களையும் ஒரு நிறத்தில் கோடிடுங்கள்: மௌனம், நிழல், யாரோ, ஏதோ போன்றவை, எல்லாக் கவிதையும் கேள்வியில் முடிவது, எல்லாமே 'ஒரு' என்று தொடங்குவது. இவை ஊன்றுகோல்கள், அடுத்த பத்துக் கவிதைகளில் இவற்றை முற்றிலும் விலக்கி எழுதுங்கள். மற்றொரு நிறத்தில், நீங்கள் திட்டமிடாமலேயே திரும்பி வந்திருக்கும் பொருள்களையும் மனிதர்களையும் இடங்களையும் கோடிடுங்கள். ஒருவருக்கு அது எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும் கைகளாக இருக்கும். இன்னொருவருக்குப் பூட்டிய வீடுகளாகவோ, பேருந்து நிலையங்களாகவோ, சமையலறையின் விடியற்காலையாகவோ இருக்கும். இந்த இரண்டாவது நிறக் கோடுகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ, அந்த இடத்துக்கு நேரில் போய், குறிப்பேட்டைத் திறந்து, இதுவரை நீங்கள் அங்கே எழுதாமல் விட்டவை என்னென்ன என்று எழுதத் தொடங்குங்கள்.